எடையா வலிமை?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. தேருக்குச் சொன்ன இச்சொல் மோட்டார் வாகனத்துக்கும் பொருந்தும். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் கொண்டதாயினும் அத்திறன் தரையைச் சென்று சேர்வது பின் அச்சின் வழியாகத்தான். அச்சு முறிந்தால் அத்தனை குதிரைகளும் லாயத்திலேயே நிற்க வேண்டியதுதான். அப்படியானால் எப்படிப்பட்ட அச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? "நல்ல கனமான அச்சு" என்று உடனே விடை சொல்பவர் பலர். கனமே பலம் என்னும் இந்த எண்ணம் சரியா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் பழைய மசில் கார்களை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கக் கார் நமக்கு எதற்கு, நம் கல்லூரி வாசலில் நிற்பவை இருசக்கர வண்டிகளும் நகரப் பேருந்தும்தாமே என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பொருட்பண்புகள் பாடத்தில் முறுக்கு ஊசலைச் செய்முறை வகுப்பில் ஆட்டிப் பார்த்தோம். திண்மத் தண்டைவிட உட்குழிவுத் தண்டு ஏன் சிறந்தது என்னும் கேள்விக்கு விடையை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்தப் பாடம் கண்முன்னே உருண்டோடும் இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கார்களின் பின் அச்சுதான்.

மசில் கார் என்பது யாது?

1964-ஆம் ஆண்டு மாடலாகப் பான்டியாக் கம்பெனி ஜி.டி.ஓ. என்னும் காரை வெளியிட்டது. நடுத்தர உடலுக்குள் பெரிய காருக்குரிய 389 கன அங்குல எஞ்சினை வைத்ததே அதன் புதுமை. மசில் கார் யுகம் அதிலிருந்து தொடங்கியது என்பர் பலர். தமிழில் 'திண்தோள் கார்' என்று சொல்லிப் பார்க்கலாம். பிறகு செவர்லே, ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகியோரும் போட்டியில் இறங்கினர். 1970-இல் வந்த செவர்லே செவெல் காரின் 454 கன அங்குல எஞ்சின் 450 குதிரைத்திறன் என்று விளம்பரமாயிற்று. காப்பீட்டுக் கட்டண உயர்வும், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்த ஆரவாரத்தை அடக்கின.

கார்கள் மறைந்தாலும் காதல் மறையவில்லை. 2001-இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' திரைப்படத்தில் வரும் கருநிற 1970 டாட்ஜ் சார்ஜரை நம் மாணவர்களில் பலரும் அறிவர். இன்றும் அமெரிக்காவில் ஆர்வலர்கள் இக்கார்களைப் புதுப்பிக்கின்றனர். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு அதைவிட வலிய எஞ்சினைப் பூட்டுகின்றனர். அப்போது, பிறந்தபோது வந்த பின் அச்சு இந்தப் புது வலிமையைத் தாங்குமா என்ற கேள்வி எழுகிறது. பலர் அகப்பட்டவற்றுள் மிகப் பெரிய அச்சை வாங்கிப் பூட்டி நிம்மதி கொள்கின்றனர். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு என்பதுதான் என் வாதம்.

எடை செய்யும் கெடுதல்

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டு பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு இணைந்த டிஃபரன்ஷியல் அந்தச் சுழற்சியை இரு ஆக்சில் ஷாஃப்டுகளுக்கும் பகிர்ந்து தருகிறது. இவை அனைத்தும் ஓர் இரும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. 2014-இல் உற்பத்தி நின்றுபோன நம் அம்பாசடர் காரிலும், சாலையில் செல்லும் லாரிகளிலும் இதே அமைப்புத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காரின் உடலும் எஞ்சினும் ஸ்பிரிங்குக்கு மேலே அமர்ந்திருக்கின்றன. பின் அச்சோ ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து கிடக்கிறது. சாலையில் ஒரு மேடு வந்தால் சக்கரமும் அச்சும் சேர்ந்தே எழும்பியாக வேண்டும். எழும்பிய பொருளை மீண்டும் தரைக்குத் தள்ளுவது ஸ்பிரிங்கின் வேலை. அச்சின் நிறை மிகுந்தால், நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, அதே ஸ்பிரிங் விசை தரும் முடுக்கம் குறையும். டயர் தரையை விட்டு விலகியிருக்கும் நேரம் கூடும். தரையைத் தொடாத டயர் வண்டியை உந்தவும் மாட்டாது, நிறுத்தவும் மாட்டாது. ஆகவே இருக்கையில் கூடும் 20 கிலோவும் அச்சில் கூடும் 20 கிலோவும் ஒன்றல்ல. முன்னது பயணியைப் போன்றது. பின்னது காலில் கட்டிய கல்லைப் போன்றது.

அதே வேளையில், எடைக் குறைப்பு என்ற பெயரில் சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. ஷாஃப்டை இலேசாக்கினால் அது விரைவாகச் சுழலும், ஆகவே கார் பாயும் என்பர் சிலர். நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது அன்றோ? ஷாஃப்டின் ஆரம் ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர், சக்கரத்தின் நிறை பெரும்பாலும் 28 சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. 8 கிலோ ஷாஃப்டையும் 22 கிலோ சக்கரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், ஷாஃப்டின் பங்கு சக்கரத்தினுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுழற்சிச் சுமையைக் குறைக்க விரும்புவோர் முதலில் சக்கரத்தையும் டயரையும் பார்க்கட்டும். ஷாஃப்டைக் குறைப்பதன் பயன், ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள எடை குறைவது மட்டுமே.

வலிமை எங்கிருந்து வருகிறது?

ஓர் உருளைத் தண்டு தாங்கும் முறுக்கு விசை அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. எடையோ இருமடியைத்தான் பொறுத்தது. ஷாஃப்டின் உள்முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள் உண்டு. அவற்றின் எண்ணிக்கையைக் கொண்டே ஷாஃப்டின் பருமனைக் குறிப்பிடுவது வழக்கம். 31 பல் ஷாஃப்டின் விட்டம் ஏறத்தாழ 1.31 அங்குலம், 35 பல் ஷாஃப்டினது 1.5 அங்குலம். உலோகம் ஒன்றே என்று கொண்டால், இரண்டாவதன் எடை 31 விழுக்காடு மிகுதி. வலிமையோ 50 விழுக்காடு மிகுதி.

அடுத்து நம் தேர்வுக் கேள்வியான உட்குழிவுத் தண்டு. தண்டை முறுக்கும்போது தகைவு முழுவதும் வெளிப்புறத் தோலில்தான் மிகுந்திருக்கும், நடுவில் சுழிதான். நடுப்பகுதி உலோகம் வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும் ஆளைப் போன்றது. விட்டத்தில் பாதி அளவுக்கு நடுவே நீளத் துளையிட்டால் எடையில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். வலிமையில் போவது பதினாறில் ஒரு பங்கே. அதாவது 25 விழுக்காடு எடையைக் கொடுத்து 6 விழுக்காடு வலிமையை மட்டும் இழக்கிறோம். இவ்வாறு துளையிட்ட ஷாஃப்டுகள் பந்தயக் கார்களுக்கென்றே விற்கப்படுகின்றன. நாம் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய விடையை அங்கே ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார்!

மூன்றாவது, உலோகத்தின் தரம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 4340 என்னும் உருக்கைப் பக்குவமாகச் சூடேற்றிக் குளிர்வித்துச் செய்த ஷாஃப்ட், அதே பருமனுள்ள சாதாரண கார்பன் உருக்கு ஷாஃப்டைவிட வலியது. இதில் எடை ஒரு கிராமும் கூடுவதில்லை. வடிவமும் உலோகமும் பக்குவமும் வலிமை தருகின்றன. எடை அவற்றுக்கு அடுத்ததே.

எவ்வளவு வலிமை வேண்டும்?

இதுவே தலையாய கேள்வி. பலர் எஞ்சினின் குதிரைத்திறனைச் சொல்லி அச்சைக் கேட்கின்றனர். நான் டயரைக் கேட்க வேண்டும் என்கிறேன். காரணத்தைக் கணக்காலேயே காட்டுகிறேன்.

மேற்சொன்ன 454 எஞ்சினின் உச்ச முறுக்கு விசை 500 பவுண்டு அடி. அதாவது ஏறத்தாழ 678 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 2.20 மடங்கும், பின் அச்சு 4.10 மடங்கும் பெருக்குவதாகக் கொள்வோம். அச்சுக்கு வரக்கூடியது ஏறத்தாழ 6,100 நியூட்டன் மீட்டர். கேட்கவே அச்சமாக இருக்கிறது. ஆனால் தரை இதற்கு இசைய வேண்டுமே! புறப்படும்போது பின் சக்கரங்களின் மேல் 1,000 கிலோ அழுத்துவதாகவும், சாதாரண டயரின் உராய்வுக் குணகம் 0.8 எனவும், சக்கரத்தின் ஆரம் 0.33 மீட்டர் எனவும் கொள்வோம். டயர் வழுக்காமல் தாங்கக்கூடியது ஏறத்தாழ 2,600 நியூட்டன் மீட்டரே. அதற்கு மேல் கொடுத்தால் டயர் புகைந்து சுழலும், அச்சு பிழைத்துக்கொள்ளும். ஆக, தெருவில் ஓடும் காரில் டயர்தான் மின்சாரப் பெட்டியிலுள்ள ஃபியூஸ் கம்பி.

இனிப் பந்தயத் திடலுக்கு வருவோம். கால் மைல் பந்தயத்துக்கான மென்ரப்பர் டயரின் உராய்வுக் குணகம் 1-ஐத் தாண்டும். 1.5 என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பினால் காரின் எடை 1,800 கிலோவும் பின்னால் இறங்கும். ஆரம் 0.36 மீட்டர் என்றால், டயர் தாங்கக்கூடியது 9,500 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தரும் 6,100-ஐவிட இது மிகுதி. இப்போது டயர் வழுக்காது, ஃபியூஸ் போகாது. கிளட்சைச் சட்டென்று விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் பளுச்சக்கரத்தின் ஆற்றலும் சேர்ந்து ஒரே கணத்தில் அச்சைத் தாக்கும். ஆகவே எஞ்சினில் ஒரு திருகைக்கூட மாற்றாமல், டயரை மட்டும் மாற்றினாலே அச்சுக்கு வரும் ஆபத்து இருமடங்குக்கு மேல் ஆகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 1966-இல் கிரைஸ்லர் கம்பெனி 425 குதிரைத்திறன் கொண்ட 426 ஹெமி எஞ்சினைத் தெருக் கார்களுக்குத் தந்தபோது என்ன செய்தது? கையால் மாற்றும் நான்கு கியர்ப் பெட்டியோடு வாங்கிய காருக்கு 9¾ அங்குலக் கிரவுன் கொண்ட டானா 60 அச்சைப் பூட்டியது. தானியங்கிக் கியர்ப் பெட்டியோடு வாங்கிய காருக்கு வழக்கமாக 8¾ அங்குல அச்சையே பூட்டியது. எஞ்சின் ஒன்று, அச்சு இரண்டு! தானியங்கிப் பெட்டியில் திரவத்தின் வழியே சுழற்சி செல்வதால் முறுக்கு விசை மெல்ல ஏறுகிறது. கிளட்சில் அது அடியாக விழுகிறது. அச்சை முறிப்பது பெரும்பாலும் அந்த அடிதான் என்பதை அப்பொறியாளர்கள் உணர்ந்திருந்தனர்.

மயிற்பீலி ஏற்றிய வண்டியாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் சொன்னதை நாம் அறிவோம். அது வரும் அதிகாரத்தின் பெயர் வலியறிதல் என்பது எண்ணத்தக்கது. வலியைப் பெருக்குவது வேறு, அறிவது வேறு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

செவர்லேக்காரர்களுக்குப் பழக்கமானது 12 போல்ட் அச்சு, கிரவுன் 8.875 அங்குலம். தெருக் காருக்கு இது போதும் என்பது என் துணிபு. பழைய ஷாஃப்டை எடுத்துவிட்டு நல்ல உருக்கு ஷாஃப்ட் போட்டாலே பெரும் மாற்றம் கிடைக்கும்.

ஃபோர்டின் 9 அங்குல அச்சு 1957 மாடல் முதல் 1986 வரை தயாரிக்கப்பட்டது. அதன் பினியனுக்கு முன்னால் உள்ள பேரிங்குகளோடு பின்முனையிலும் ஒரு பேரிங் தாங்கல் உண்டு. ஆதலால் பற்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளினாலும் பினியன் வளைந்து கொடுக்காது. நடுப்பகுதியை முன்பக்கமாகக் கழற்றி எடுத்து மாற்றலாம். குறையும் உண்டு: பினியன் கிரவுனின் மையத்திலிருந்து மிகத் தாழ்ந்து நிற்பதால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று மிகுதியாக வழுக்குகின்றன, உராய்வில் சிறிது ஆற்றல் வெப்பமாகிப் போகிறது.

1983-இல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய 8.8 அங்குல அச்சு 1986 முதல் மஸ்டாங் காரில் வந்தது. எக்ஸ்ப்ளோரர் வண்டியில் 1995 முதல் வந்த 8.8 அச்சு, 31 பல் ஷாஃப்டும் டிஸ்க் பிரேக்கும் கொண்டது. பழைய வண்டி உடைக்கும் இடத்தில் அதை வாங்கிவந்து பூட்டுவோர் பலர். சிக்கனமும் அளவும் கூடிய தேர்வாக இதையே நான் மதிக்கிறேன். டானா 60-ஐயோ, கனமான எடை, கிளட்சு, பந்தய டயர் ஆகிய மூன்றும் கூடும் கார்களுக்கு விட்டுவிடலாம்.

இரும்புக்குப் பதில் அலுமினியத்தில் செய்த நடுப்பகுதிகளும் கிடைக்கின்றன. அலுமினியத்தின் அடர்த்தி உருக்கினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் யங் குணகமும் மூன்றில் ஒரு பங்குதான். வெப்பத்தில் விரிவதோ ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே தடிமனாக வார்க்க வேண்டும். சூடேறும்போது பேரிங்குகளின் இறுக்கம் மாறுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை.

எடை பாராத ஓரிடம்

எடைக்கு எதிராக இவ்வளவு எழுதினாலும் ஓரிடத்தில் நான் சிக்கனம் பார்க்க மாட்டேன். 12 போல்ட், 8.8 ஆகிய அச்சுகளில் ஷாஃப்டை உள்ளே பிடித்து நிறுத்துவது 'சி' வடிவச் சிறு வளையம் ஒன்று. ஷாஃப்ட் இடையில் முறிந்தால் அதைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வந்துவிடக்கூடும். ஓடுகிற வண்டியில் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பந்தயம் ஓட்டுவோர், வெளிமுனையிலேயே பேரிங்கால் ஷாஃப்டைப் பிடித்து வைக்கும் அமைப்புக்கு மாறிவிட வேண்டும். இதில் இரண்டு கிலோ கூடினாலும் கூடட்டும்.

என் தந்தையார் லாரிப் பட்டறையில் மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். லாரியின் பின் சக்கரத்தில் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு அவர் ஷாஃப்டை மட்டும் உருவி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஜாக்கி வைக்க வேண்டியதில்லை. "பாரம் சுமக்கிறது வெளிக்கூடு, ஷாஃப்டுக்குத் திருப்புற வேலை மட்டும்தான்" என்பார். காரில் அப்படியன்று: ஒரே ஷாஃப்ட் பாரத்தையும் சுமந்து முறுக்கையும் தாங்குகிறது. வளைவுத் தகைவு, முறுக்குத் தகைவு என்று நான் இரண்டு பக்கம் எழுதும் பாடத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிடுகிறார். ஆனால் எத்தனை பருமன் போதும் என்று முன்கூட்டியே சொல்ல அந்த ஒரு வரி போதாது. அங்கே மும்மடி விதி வேண்டும்.

மறுப்பும் விடையும்

"வலிமை மிஞ்சியிருந்தால் என்ன நட்டம்? அச்சமில்லாமல் ஓட்டலாமே" என்று கேட்பர். பட்டறை அனுபவமுள்ளோர் கேட்கும் கேள்வி இது. எளிதாகத் தள்ள இயலாது. முறியும் அச்சைவிடக் கனக்கும் அச்சு மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சை மட்டும் அளவுக்கு மீறி வலிதாக்கினால் அடி மறைந்துவிடுவதில்லை. அடுத்த மெலிந்த இடத்தைத் தேடிப் போகிறது. நடுத்தண்டின் இணைப்போ கியர்ப் பெட்டியோ முறிகிறது. வண்டி என்பது ஒரு சங்கிலி. ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கினால் சங்கிலி வலுப்பெறாது. மேலும், முறிவு என்றோ வரலாம், வராமலும் போகலாம். கூடுதல் எடையோ ஒவ்வொரு மேட்டிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் நிச்சயமாக வருகிறது.

முடிவுரை

ஆகவே அச்சு வாங்கச் செல்பவர் கேட்க வேண்டிய வரிசை இது: என் டயர் எவ்வளவு பிடிக்கும்? என் வண்டியின் எடை என்ன? கிளட்சா, தானியங்கியா? தெருவா, திடலா? இந்நான்குக்கும் விடை தெரிந்தபின் ஷாஃப்டின் விட்டமும் உலோகமும், அதன் பிறகே கிரவுனின் அளவு. குதிரைத்திறன் விளம்பரம் கடைசியில் வரட்டும்.

அச்சைப் பற்றித் தொடங்கிய இக்கட்டுரை நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் முடியாது. பட்டறையில் கை இருக்கிறது. வகுப்பறையில் சூத்திரம் இருக்கிறது. இரண்டும் சந்திப்பது அரிதாக இருக்கிறது. கை மட்டும் இருக்கும் இடத்தில் ஐயம் வந்தால் இரும்பைக் கூட்டுகிறார்கள். சூத்திரம் மட்டும் இருக்கும் இடத்தில் தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். நம் கல்லூரியில் படிக்கும் பலரும் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு கையில் தந்தையின் ஸ்பானரும் மறு கையில் பாடநூலும் பிடிக்கும் வாய்ப்பு நமக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. செய்முறைத் தேர்வில் முறுக்கு ஊசலின் அலைவு நேரத்தைக் குறித்து விறைப்புக் குணகம் கண்டுபிடிக்கும்போது, மேசைமேல் தொங்கும் அந்த மெல்லிய கம்பி ஒரு காரின் அச்சு என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். பாடம் புதிதாகத் தெரியும்.